எமெட் ஷாலரின் இடது கை

பேஸ்பாலில் இடது கையால் பந்து வீசுகிறவனைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் தளத்துப் பக்கம் உட்கார வேண்டும். வீசுவதற்கு முன் அவன் ஒரு கணம் நிற்பான். அப்போது அவன் முகமும் நெஞ்சும் அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கும். மூன்றாம் தளத்துப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு முதுகுதான் கிடைக்கும். கல்வர் பெண்ட் மைதானத்தில் முதல் தளத்துக்குப் பின்னால், ஆறாவது வரிசையில், நடைபாதையிலிருந்து மூன்றாவது நாற்காலி இருபத்திரண்டு வருடங்களாக என்னுடையது. எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து எழுதித் தரும்படி நீங்கள் கேட்டதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் வெர்னா ஹாக்ஸ்டெட்டர். வயது அறுபத்தேழு. மாவட்ட மருத்துவமனையில் முப்பத்து நான்கு வருடம் ஸ்கேன் எடுத்தேன். வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற ஸ்கேன் இல்லை. கை கால்களில் ஓடும் ரத்தக் குழாய்களைப் பார்ப்பது. ஓய்வு பெற்ற பிறகும் ஆற்றோரச் சாலையில் இருக்கும் சிறிய ஸ்கேன் மையத்தில் திங்களும் வியாழனும் வேலை செய்கிறேன். நான் டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் வரிசையில் என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தப் பெயரை வைத்தவர் ஹெர்ப் கோவாலிக். எனக்கு இடப்பக்கம் உட்காருகிறவர். ஆற்றில் சரக்குப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் ஹெரன்ஸ் அணி கடைசியாகக் கோப்பை வாங்கியபோது அவருக்கு இருபத்தொன்பது வயது, இப்போது எழுபது. வலப்பக்கம் கார்லா டூம்ஸ், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஒரு காதில் எப்போதும் ரேடியோ இருக்கும். கண்ணெதிரே நடப்பதை ரேடியோவும் சொன்னால்தான் அவளுக்கு நம்பிக்கை வரும்.

எங்களுடையது சின்ன லீக். பெரிய அணிகள் வேண்டாமென்று அனுப்பிவிட்ட பையன்கள்தான் வருவார்கள், யாராவது மறுபடி கூப்பிட மாட்டார்களா என்ற எதிர்பார்ப்போடு. அதனால் எங்கள் பேச்சில் முக்கால்வாசி காயங்களைப் பற்றியே இருக்கும். யாருக்கு முழங்கால், யாருக்கு மணிக்கட்டு, யார் நிஜமாக நொண்டுகிறான், யார் அணி மேனேஜருக்குக் காட்ட நொண்டுகிறான். இந்த மே மாதம் எங்கள் தளக்காவலன் ஒருவன் ஓடும்போது தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாளைக்கே வந்துவிடுவான் என்றார் ஹெர்ப். தசை கிழிந்திருக்கிறது, ஐந்து வாரம் ஆகும் என்றேன் நான். சரியாக ஐந்தாவது வாரம் வந்தான். அன்றைக்கு ஹெர்ப் எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்துவிட்டு, பின்வரிசைக்காரர்களிடம் திரும்பி, "இந்தம்மா கண்ணுலயே எக்ஸ்ரே மெஷின் வெச்சிருக்காங்கய்யா," என்றார்.

அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. படத்தில் என்ன தெரிந்தாலும் நோயாளியிடம் சொல்லக் கூடாது. முப்பத்து நான்கு வருடம் எத்தனையோ பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். "டாக்டர் சொல்வார்" என்று மட்டும் சொல்லி ஜெல்லைத் துடைத்து அனுப்பினேன். ஆறாவது வரிசையில்தான் சொல்கிற இடத்தில் நான் இருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முந்தைய விஷயத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது லோவெல் பைக் என்று ஒரு வீச்சாளன் இருந்தான். இறுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு, சுண்டுவிரல் மரத்துப் போகிறது என்று என்னிடம் சொன்னான். நான் நேராக மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். மேனேஜர் அவனை உட்கார வைத்தார். நாங்கள் ஒன்பதுக்கு ஒன்று என்று தோற்றோம். அப்புறம் பரிசோதித்துப் பார்த்ததில் சாதாரணச் சுளுக்குதான், ஆடியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றார்கள். ஹெர்ப் வண்டி நிறுத்துமிடத்தில் என்னிடம் வந்து, "நாலு நாள் வாயை மூடிட்டு இருந்திருந்தா உனக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும், வெர்னா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அன்று ஒருநாள்தான் அவர் என்னை டாக்டரம்மா என்று கூப்பிடவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் வீட்டுச் சீட்டாட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. கடையில் என்னைக் கண்டதும் கார்லா தள்ளுவண்டியை அடுத்த வரிசைக்குத் திருப்பிக்கொண்டு போனாள். நான் தனியாள். ஏப்ரல் மாதம் வரைக்கும் வாரத்தில் பாதி நாள் வாய் திறந்து பேச ஆள் இருக்கவில்லை. சீசன் ஆரம்பித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனாலும் ஹெர்ப், "டாக்டரம்மா, இந்த வருஷம் யாரை ஊருக்கு அனுப்பப் போறீங்க?" என்று அவ்வப்போது கேட்பார். நானும் சிரிப்பேன். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார்.

எமெட் ஷாலர் இந்த வருடம் மே மாதம் என் வீட்டுக்கு வந்தான். ஆட்டக்காரர்களை ஊர்க்காரர்கள் வீட்டில் தங்க வைப்பது இங்கே வழக்கம். இதற்கு முன் பத்துப் பேரை வைத்திருந்திருக்கிறேன். இவனுக்கு வயது இருபத்து நான்கு. நெப்ராஸ்காவில் கோதுமை விளையும் பக்கத்திலிருந்து வந்தவன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான். என்னை வெர்னாம்மா என்று கூப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமைதோறும் சமையலறையில் நின்றபடி அவன் அம்மாவுடன் பேசுவான். நான் நன்றாகக் கவனித்துக்கொள்வதாக அவளிடம் சொல்வது என் காதில் விழும். அது உண்மைதான். நான்கு மாதத்தில் ஒரு நாள்கூட அவன் பசியோடு மைதானத்துக்குப் போனதில்லை.

அவன் வீச ஆரம்பித்த பிறகு எங்கள் வரிசையின் பேச்சே மாறிவிட்டது. ஜூலையில் ஆறு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தான். ஹெர்ப், கோப்பை என்ற சொல்லை வாயால் சொன்னால் கைநழுவிப் போய்விடும் என்று நம்புகிறவர். 'அந்தச் சாமான்' என்றுதான் சொல்வார். "பையன் கை மட்டும் தாங்கிடுச்சுன்னா இந்த வருஷம் அந்தச் சாமானைப் பாத்துட்டுத்தான் நான் சாவேன்," என்றார். ஆகஸ்டில் எங்கள் மைய ஆட்டக்காரனுக்கு மணிக்கட்டு உடைந்தது. இரண்டாவது வீச்சாளனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தினமும் யார் மிச்சம் என்று விரல் விட்டு எண்ணினோம். எண்ணிக்கை எப்போதும் எமெட்டில் வந்து முடிந்தது.

இறுதிச் சுற்று லாட்டிமர் அணியோடு. ஐந்து ஆட்டத்தில் மூன்று ஜெயிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை முதல் ஆட்டத்தை எமெட் வீசி ஜெயித்தான். ஐந்தாவது ஆட்டம் என்று ஒன்று வந்தால் ஞாயிறு பிற்பகல், எங்கள் ஊரில், அதையும் அவன்தான் வீச வேண்டும்.

புதன்கிழமை காலையில் முட்டைப் பொரியலை அவன் வலது கையால் சாப்பிட்டான். இடது கையை மேசைக்கடியில் மடியில் வைத்திருந்தான். நான் காப்பி ஊற்றப் போனபோது பார்த்தேன். கை முழுவதும் உப்பியிருந்தது. விரல்கள் நீலம் பாரித்திருந்தன. தோளுக்கும் மார்புக்கும் இடையே, பனியன் ஓரத்தில், முன்பு இல்லாத நரம்புகள் தோலுக்கடியில் புடைத்துத் தெரிந்தன.

"ராத்திரி கைமேலயே படுத்துட்டேன் போல, வெர்னாம்மா. கனமா இருக்கு. வலின்னு பெருசா இல்ல."

"இருக்கும். பனிக்கட்டி வை," என்றேன்.

அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும். என் வேலையில் அப்படிப்பட்ட கையை ஏழு முறை பார்த்திருக்கிறேன். வீச்சாளர்கள், நீச்சல்காரர்கள், ஒரு வண்ணம் பூசுகிறவர். கையைத் தலைக்கு மேலே ஓயாமல் சுழற்றுகிறவர்களுக்கு, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவில் ரத்தக் குழாய் நசுங்கி, உள்ளே ரத்தம் உறைந்துவிடும். உறைந்த கட்டி அங்கேயே இருந்தால் கை வீங்கும். அதிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து போனால் நேரே நுரையீரலுக்குத்தான் போகும். ஆனால் அந்த ஏழு பேரும் நடந்துதான் வீட்டுக்குப் போனார்கள் என்பதை நான் அந்த வாரம் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டேன். ஏழு பேருக்கும் அன்றே மருந்து ஏற்றினார்கள் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அன்று மாலை இரண்டாவது ஆட்டத்தில் தோற்றோம். ஆளுக்கு ஒரு வெற்றி, ஒன்றுக்கு ஒன்று. ஐந்தாவது ஆட்டம் வரும்போலத் தெரிந்தது.

வியாழக்கிழமை ஆட்டம் இல்லை. எமெட் அவனாகவே கேட்டான். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். நான் கூப்பிடவில்லை. "நீங்க ஒரு தடவை பாத்துடுங்களேன். நீங்க பாத்துட்டா எனக்குத் தூக்கம் வரும்," என்றான். ஸ்கேன் மையத்தில் பன்னிரண்டரை மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள். பின்வாசல் வழியாக வரச் சொன்னேன். பதிவேட்டில் பெயர் எழுதவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தான்.

ரத்தக் குழாயைப் பார்ப்பது கஷ்டமான காரியம் இல்லை. கருவியின் முனையை வைத்து மெல்ல அழுத்தினால் நல்ல குழாய் தட்டையாகிவிடும். வலது கையை முதலில் பார்த்தேன், அழுத்தியதும் மூடிக்கொண்டது. இடது அக்குளில் அழுத்தினேன். மூடவில்லை. இன்னும் அழுத்தினேன். குழாய்க்குள் சாம்பல் நிறத்தில் அது உட்கார்ந்திருந்தது, தோள் வரைக்கும். கட்டியின் மேல்நுனி குழாய்ச் சுவரில் ஒட்டாமல், ஒவ்வொரு மூச்சுக்கும் லேசாக ஆடியது. அப்படி ஆடுவதைக் கண்டால் எழுந்து போய் டாக்டரைக் கூட்டி வர வேண்டும். நடந்து போகக் கூடாது, ஓட வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அவன் திரையைப் பார்க்கவில்லை. எல்லாரையும் போல என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுத்தமா இருக்கு. தசை வீக்கம்தான்," என்றேன்.

அவன் மூச்சை விட்டுவிட்டுச் சிரித்தான். நான் ஜெல்லைத் துடைத்தேன். அவன் அம்மாவுக்கு அனுப்பிய செய்தி, நீங்கள் எனக்குக் காட்டியது, அதற்குப் பிறகு வாசலில் நின்று அனுப்பியதாக இருக்க வேண்டும். ஸ்கேன் பார்த்தாயிற்று, வெர்னாம்மாவே பார்த்தார்கள், ஒன்றுமில்லையாம் என்று.

நான் என்ன நினைத்தேன் என்று நீங்கள் கேட்டீர்கள். நான்கு நாள்தான் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் திங்கட்கிழமை காலையில் நானே அவனை மறுபடி படுக்க வைத்து, இப்போதுதான் தெரிகிறது என்று சொல்லி, மருத்துவமனைக்கு அழைத்துப் போவதாக இருந்தேன். அதற்காகத் திங்கட்கிழமை விடுப்பும் கேட்டு வைத்திருந்தேன். மையத்தில் விசாரித்தால் தெரியும். உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் அந்த நிமிடமே படுக்கையில் விழுந்திருப்பான், ஒரு விலா எலும்பை எடுத்திருப்பார்கள், அடுத்த வருடம் அவனை எந்த அணி கூப்பிடும்? ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய அணியிலிருந்து ஆள் பார்க்க வருவதாகப் பேச்சு இருந்தது. அவன் வாழ்க்கையே அந்த ஒரு ஆட்டத்தில் இருந்தது. அவனுடைய நன்மையையும் நான் யோசித்தேன்.

அன்று மாலை அணியின் ட்ரெய்னர் நோலன் கீஃப் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டான். படிப்பு முடித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. இருபத்தைந்து பேரின் உடம்பையும் அவன் ஒருவன்தான் பார்க்கிறான். எமெட் கை அவனுக்குச் சரியாகப் படவில்லை, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பட்டுமா என்று கேட்டான். நானே ஸ்கேன் பார்த்துவிட்டேன், தேவையில்லை என்றேன். நல்லதாகப் போயிற்று என்று நன்றி சொன்னான். நீங்கள் அவனையும் விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பையன் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவன் கேட்க வேண்டியதைக் கேட்டான்.

வெள்ளிக்கிழமை ஹெர்பின் காரில் மூன்று பேரும் லாட்டிமர் போனோம். ஆட்டத்துக்கு முன் எமெட் வேலியோரம் நின்று பந்துகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். வலது கையால் போட்டான். ஹெர்ப் அதைக் கவனித்துவிட்டார். படகு ஓட்டியவர், கண் கூர்மை.

"டாக்டரம்மா, பையன் கை ஏன் அப்படி இருக்கு? ரொட்டி மாவு மாதிரி உப்பிக் கிடக்கு."

கார்லா ரேடியோவைக் காதிலிருந்து எடுத்தாள். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஹெர்ப் மறுபேச்சுப் பேசாமல் அவனைத் தன் காரில் ஏற்றியிருப்பார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அன்று எனக்கு அவர் முகத்தில் மூன்று வருடத்துக்கு முந்தைய வண்டி நிறுத்துமிடம்தான் தெரிந்தது.

"தசை வீக்கம். நான் பாத்துட்டேன்," என்றேன்.

"நீங்க பாத்துட்டீங்கன்னா சரி," என்றார். பிறகு பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் ஊர்க்காரர்களிடம் திரும்பி, "கை நல்லா இருக்காம். டாக்டரம்மா சொல்லிட்டாங்க," என்று அறிவித்தார். இரண்டு வரிசை ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கார்லா எனக்குப் பாதி ரொட்டியும் தொத்திறைச்சியும் பிய்த்துக் கொடுத்தாள்.

வெள்ளி ஜெயித்தோம். சனி தோற்றோம். இரண்டுக்கு இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எமெட் மாடியிலிருந்து இறங்கி வந்தான். நடுப்படியில் ஒருமுறை நின்றான். சமையலறைக்கு வந்ததும் இருமினான். ஆழமாக மூச்சு விட்டால் விலாப் பக்கம் ஊசி குத்துகிறது என்றான்.

இந்தப் பகுதியைத்தான் நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள், ஆகவே தெளிவாக எழுதுகிறேன். அந்த இருமலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கட்டியிலிருந்து ஒரு சிறு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போய்விட்டது. சிறியது போனால் பெரியது பின்னால் வரும். மருத்துவமனை என் வீட்டிலிருந்து பதினோரு நிமிடம். ஆட்டம் ஆரம்பிக்க ஐந்து மணி நேரம் இருந்தது.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம். ஊரே பாக்குது இல்ல."

"பயத்துல எல்லாருக்கும் அப்படித்தான் நெஞ்சு பிடிக்கும்."

தேன் போட்டுத் தேநீர் கொடுத்தேன். அவன் குடித்தான். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை, எல்லாரும் பார்த்ததுதான். நாலாயிரம் பேர் உட்காரும் இடத்தில் ஐயாயிரம் பேர் இருந்தார்கள். பெரிய அணியிலிருந்து ஆள் வந்திருந்தாரா என்று கடைசிவரை தெரியவில்லை. எமெட் வேகமாக வீசவில்லை. ஆனால் பந்தை நினைத்த இடத்தில் வைத்தான். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் கார்லா என் கையைப் பிடித்து நசுக்கினாள். நான் பந்தைப் பார்க்கவில்லை. இடது கையால் வீசுகிறவனின் முகம் எங்கள் பக்கம் திரும்பியிருக்கும் அந்த ஒரு கணத்தை மட்டும் பார்த்தேன். நான்காவது இன்னிங்ஸில் உதடு வெளுத்திருந்தது. ஐந்தாவதில், ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் முழங்காலில் கை ஊன்றி நின்றான். நான் அவன் மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பது. ஓடாமல் நிற்கிற மனிதனுக்கு அது மிக அதிகம்.

"களைச்சுட்டான்," என்றார் ஹெர்ப். "தாங்குவானா டாக்டரம்மா?"

"தாங்குவான்," என்றேன்.

ஒன்பதில் ஏழு இன்னிங்ஸ் தாங்கினான். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் விட்டுவிட்டுப் போனான். அடுத்து வந்தவர்கள் அதைக் காப்பாற்றினார்கள். கடைசிப் பந்து பிடிபட்டபோது ஹெர்ப் கத்தவில்லை. உட்கார்ந்து தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பிறகு எழுந்து என்னைக் கட்டிப்பிடித்து என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு நேரம் கட்டிப்பிடித்ததில்லை.

ஐந்தேகால் மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் மேசைகள் போட்டிருந்தார்கள். கோப்பை நடு மேசையில் இருந்தது. ஆட்டக்காரர்களும் ஊர்க்காரர்களும் கலந்து நின்று சாப்பிட்டார்கள். எமெட் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வருகிறவர்கள் எல்லாம் அவன் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். கார்லாவிடம் தண்ணீர் கேட்டான். அவள் கொண்டு வருவதற்குள் பக்கவாட்டில் சரிந்தான்.

நான்தான் முதலில் போனேன். அவனைக் கீழே படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, நாடி பார்த்தேன். மெலிதாக, மிக வேகமாக இருந்தது. கண் திறந்திருந்தது. என்னைத் தெரிந்தது அவனுக்கு. "வெர்னாம்மா, மூச்சு வரல," என்றான். வந்துவிடும் என்று சொல்லி நெற்றியைத் துடைத்தேன். ஒன்பது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த பெண் மண்டியிட்டு உட்கார்ந்து, இவருக்கு யார் வேண்டியவர் என்று கேட்டாள். எல்லாரும் என்னைக் காட்டினார்கள்.

"சமீபத்துல ஏதாவது உடம்பு சரியில்லாம இருந்துச்சா? கை கால் வீக்கம், ரத்தக் கட்டி, மூச்சுத் திணறல், ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல. நல்லாதான் இருந்தான். வெயில் ஒத்துக்கல போலிருக்கு," என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். அந்தத் தாளைத்தான் நீங்கள் என் மேசையில் வைத்தீர்கள். கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டி வைத்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள், வெயில் மயக்கம் என்று மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அங்கே ஒரு டாக்டர் அவன் இடது கையைத் திருப்பிப் பார்க்கும்வரை இருபது நிமிடம் போயிற்று. ஆறு ஐம்பதுக்கு எமெட் இறந்தான். அந்தக் கட்டியைக் கரைக்க ஒரு மருந்து இருக்கிறது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாசலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்திருப்பார்கள். இது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப் போவதில்லை.

உங்கள் கடைசிக் கேள்விதான் மிச்சம். ஆட்டம் முடிந்துவிட்டது, கோப்பை மேசையில் இருக்கிறது, இனி மறைத்து யாருக்கும் ஆக வேண்டியது ஒன்றுமில்லை, அந்தப் பெண் கேட்டபோதாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். அணிக்காக, நாற்பத்தொரு வருடம் காத்திருந்த ஊருக்காக, எமெட்டுக்காக என்று மேலே நிறைய எழுதியிருக்கிறேன். எழுதும்போது எல்லாம் உண்மையாகத்தான் இருந்தது. அந்தக் கேள்விக்கு மட்டும் அவற்றில் எதுவும் பொருந்தவில்லை.

அந்தப் பெண் கேட்ட அதே நேரம் ஹெர்ப் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். என் தோளில் கை வைத்து அவளிடம், "இவங்களைக் கேளுங்க. பையனைப் பாத்துக்கறதே இவங்கதான். இவங்க சொன்னா தப்பா இருக்காது," என்று பெருமையாகச் சொன்னார். கார்லா தலையாட்டினாள். வரிசைக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். நான் வேறு மாதிரிச் சொன்னால் அந்தக் கை என் தோளிலிருந்து எடுபட்டுவிடும் என்று தோன்றியது.

எமெட் அப்போது மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தான்.